டேங் மீன்கள் அடித்துக்கொள்கின்றனவா? முதலில் அறிகுறியைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு போன் அடித்தால் அது மீன் விஷயமாகத்தான் இருக்கும் என்று என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். “அண்ணே, நேத்து சாயங்காலம் விட்ட பர்ப்பிள், பாறைக்குப் பின்னாடி சாஞ்சு கிடக்குது, வாலெல்லாம் கிழிஞ்சிருக்கு, என்ன பண்றது?” ஆள் மாறும், மீனின் நிறம் மாறும், கேள்வி மட்டும் மாறாது. அதே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். இனி இதை அனுப்பிவிட்டு நான் காபி குடிக்கப் போகலாம்.

மீனுக்கும் டேங், தொட்டிக்கும் டேங்க் என்று எழுதினால் படிக்கிறவர் பாடு திண்டாட்டம், அதனால் இங்கே டேங் என்றால் மீன் (வாலடியில் கத்தி போன்ற முள் உள்ள, பாசி மேயும் கடல்மீன் வகை), தொட்டி என்றால் அதை வளர்க்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டி. பெரிய தொட்டி என்று நான் சொல்வது குறைந்தது ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், அதாவது கிட்டத்தட்ட 680 லிட்டர். நாலடித் தொட்டியில் இரண்டு டேங்கைப் போட்டுவிட்டு ஏன் சண்டை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அப்புறம், நிறத்தை மறந்துவிட்டு உடம்பின் வடிவத்தைப் பாருங்கள். தட்டு மாதிரி உயரமாக, மூக்கு நீண்டு இருப்பவை சீப்ரசோமா பேரினம்: எல்லோ, பர்ப்பிள், ஸ்கோபாஸ், செயில்ஃபின். நீள்வட்டமாக, சதைப்பிடிப்பாக இருப்பவை அகாந்தூரஸ்: பவுடர் ப்ளூ, அகிலீஸ், க்ளவுன், சோஹால், கான்விக்ட். உதடு தடித்து, பல் தூரிகை போல இருப்பவை டீனோகீட்டஸ்: கோலே, டோமினி. நீள உடம்பும் வாலடியில் மடங்காத கத்தியும் உள்ளது நேசோ. மிச்சம் ஒன்று, கடைக்காரருக்கு ப்ளூ டேங் அல்லது ஹிப்போ, பிள்ளைகளுக்கு டோரி, அது தன் பேரினத்தில் ஒற்றை ஆள். டேங் முதலில் அடிப்பது தன்னைப் போன்ற வடிவத்தில் இருப்பதைத்தான். கீழே வரும் பஞ்சாயத்துகளில் பாதி இதில் அடங்கிவிடும்.

## அறிகுறி 1: புதிதாக விட்டதைப் பழையது விரட்டுகிறது

அதிகம் வரும் போன் இதுதான், அதிகம் பேர் அவசரப்படுவதும் இதில்தான். வலையை எடுக்காதீர்கள். தொட்டியிலிருந்து நாலடி தள்ளி நாற்காலி போட்டு இருபது நிமிடம் பாருங்கள். நீங்கள் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தால் மீன்கள் உங்களைத்தான் கவனிக்கும், சண்டையின் உண்மையான அளவு தெரியாது.

விரட்டுகிறது, ஆனால் பாறை வந்ததும் நின்றுவிடுகிறது, புதியது இடையில் இரண்டு வாய் மேய்கிறது: இது அறிமுகப் பேச்சு. துடுப்பை விரித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நீந்துவதும் இதில் சேர்த்தி. மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். தொட்டியின் இரண்டு கோடியிலும் நோரித் தாளை (உலர்ந்த கடற்பாசித் தாள்) கிளிப்பில் மாட்டுங்கள், முதல் இரண்டு நாள் விளக்கைக் குறைத்து வையுங்கள், போதும்.

வாலைத் திருப்பித் திருப்பி அடிக்கிறது, புதியதன் விலாவில் பிளேடால் கீறிய மாதிரி நேர்க்கோடுகள் இருக்கின்றன: இன்றே தலையிட வேண்டும். துடுப்பு கிழிந்தால் ஆறிவிடும், விலாவில் வெட்டு விழுந்தால் அந்த இடத்தில் கிருமி ஏறும்.

புதியது ஒரு மூலையை விட்டு வரவே இல்லை, அல்லது நீர்மட்டத்தில், தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியை ஒட்டிச் சாய்ந்து நிற்கிறது: தலையிடுவதற்கும் நேரம் கடந்துவிட்டது. இப்போதே வெளியே எடுங்கள்.

தலையிடுவது என்றால் எளியதிலிருந்து போகலாம். முதலில் கண்ணாடி வைத்தியம். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் தொட்டியின் பக்கவாட்டில் வெளிப்புறமாக ஒட்டுங்கள், பழைய மீன் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும், புதியதற்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். எல்லோ டேங்கிடம் இது நன்றாக வேலை செய்யும். என்னிடம் இருந்த பவுடர் ப்ளூ இரண்டு நாளில் ஏமாற்று வேலையைக் கண்டுபிடித்துவிட்டது.

அடுத்தது பாறைகளை மாற்றி அடுக்குவது. எல்லைக்கோடு கலைந்தால் பழையதும் கொஞ்சம் புதிய ஆளாகிவிடும். அடுக்கும்போது இரண்டு பக்கமும் வழி உள்ள குகைகளாக விடுங்கள், ஒரே வாசல் உள்ள குகையில் மாட்டிக்கொள்ளும் மீன் அடி வாங்கியே சாகும். கூடுதல் பாறை வேண்டுமென்று கடலில் உடைத்த பவளப்பாறையை மட்டும் யாரிடமும் வாங்காதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கைதாகிற விஷயம். செராமிக் பாறையோ காய்ந்த செயற்கைப் பாறையோ போதும்.

மூன்றாவது பெட்டி. ஓட்டை போட்ட அக்ரிலிக் பெட்டி விலைக்கு வருகிறது, அது இல்லையென்றால் பாத்திரக்கடையில் விற்கும் பிளாஸ்டிக் காய்கறிக் கூடைகள் இரண்டைக் கவிழ்த்துக் கட்டி, கேபிள் டை போட்டால் அதே வேலையைச் செய்யும். புதியது அதற்குள் ஒரு வாரம், பத்து நாள் இருக்கட்டும். பழையது கூடையைச் சுற்றிவருவதை விட்டுவிட்டுத் தன் மேய்ச்சலைப் பார்க்க ஆரம்பிக்கும் நாள்தான் திறக்கும் நாள். காலண்டரைப் பார்த்துத் திறக்காதீர்கள்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் பழையதை வெளியே எடுங்கள். என் வீட்டில் நடந்தது: இரண்டு வருடமாக ராஜாவாக இருந்த எல்லோ, பிறகு வந்த பர்ப்பிள். இரண்டும் சீப்ரசோமா, அதாவது நானே போட்ட பிழை. பர்ப்பிளை ஒன்பது நாள் பெட்டியில் வைத்தேன், எல்லோ அந்தப் பெட்டியை முட்டி முட்டித் தன் மூக்கையே புண்ணாக்கிக்கொண்டது. கடைசியில் எல்லோவைப் பிடித்து சம்ப்பில் (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) பன்னிரண்டு நாள் போட்டேன். திரும்பி வந்தபோது வீடு பர்ப்பிளுடையது, இவன் விருந்தாளி. அன்றிலிருந்து இரண்டும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு வாழ்கின்றன, அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பிடிக்கும்போது துணி வலை வேண்டாம், வாலடிக் கத்தி அதில் சிக்கி மீனுக்கும் காயம், வலைக்கும் ஓட்டை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நோரி வைத்து, கதவில் நூல் கட்டி, பொறுமையாகக் காத்திருப்பதுதான் வழி. இரண்டு நாள் முயன்றும் மாட்டவில்லையா, பாறைகளையெல்லாம் கலைத்துத் தண்ணீரைக் கலக்குவதற்கு முன் பொறி வைத்துப் பிடித்துப் பழக்கமுள்ள தொட்டி பராமரிப்பாளரைக் கூப்பிடுங்கள். சோஹாலோ க்ளவுனோ அடிக்கிறது என்றால் மேலே சொன்ன வைத்தியம் எதிலும் நேரத்தைச் செலவிடாதீர்கள், எடுத்துக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 2: ஒரு வருடம் சும்மா இருந்தவை திடீரென்று அடித்துக்கொள்கின்றன

முதல் கேள்வி, சாப்பாடு மாறியதா? ஊருக்குப் போய்விட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்திருப்பீர்கள், அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சிட்டிகை பெல்லட் போட்டிருப்பார். டேங் நாள் முழுக்க மேய்கிற மாடு மாதிரி, வயிறு காய்ந்தால் பக்கத்துக் கொட்டகையை முட்டும். காலையும் மாலையும் நோரி, இரண்டு இடத்தில், ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். இந்த ஒரு வாரத்தில் முடிந்துபோன சண்டைகள் ஏராளம்.

சாப்பாடு சரி என்றால், தொட்டியில் யாராவது செத்தார்களா என்று எண்ணிப் பாருங்கள். மேலே இருந்த தாதா போய்விட்டால் அடுத்த இடத்துக்குப் போட்டி நடக்கும், அது தானாக அடங்கும். பாறையை நகர்த்தினீர்களா? புதிய விளக்கு போட்டு இரவில் பக்கக் கண்ணாடியில் பிம்பம் தெரிகிறதா? எதிரி இல்லாமலே ஒரு மீன் கண்ணாடியோடு சண்டை போட்டால் காரணம் இதுதான், அந்தப் பக்கம் வெளியே ஒரு காகிதம் ஒட்டினால் தீர்ந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் தொடர்ந்தால், மீன் வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று அங்குலத்தில் சாதுவாக இருந்தது ஏழு அங்குலத்தில் சாதுவாக இராது. ஒரே இனத்தில் இரண்டு வைத்தவர்களுக்கு இது கட்டாயம் வரும். எல்லோ டேங் வைத்தால் ஒன்று வையுங்கள், இல்லை எட்டடித் தொட்டியில் ஐந்தாக ஒரே நாளில் விடுங்கள், அடி பங்கு போட்டுக்கொள்ளப்படும். இரண்டு மட்டும் வைத்தால் ஒன்று முழு நேரம் அடிக்கும், இன்னொன்று முழு நேரம் வாங்கும். இதற்குப் பாறை மாற்றுவதெல்லாம் தள்ளிப்போடுகிற வேலை, ஒன்றை வேறு வீட்டுக்கு அனுப்புவதுதான் தீர்வு.

## அறிகுறி 3: புதியது ஒளிந்தே இருக்கிறது, சாப்பிடவில்லை

யாரும் அடிக்கிறார்களா என்று முதலில் பாருங்கள், அடித்தால் மேலே போங்கள். விளக்கு அணைந்தபின் சிவப்பு வெளிச்சத்தில் ஒரு தரம் பார்க்கலாம், பகலில் நல்லவனாக நடித்து இரவில் குகை வாசலில் காவல் நிற்கும் மீன்கள் உண்டு.

யாரும் அடிக்கவில்லை, வந்து மூன்று நாள்தான் ஆகிறது என்றால் பொறுங்கள். ப்ளூ டேங் பயந்தால் பாறை இடுக்கில் பக்கவாட்டில் படுத்துச் செத்த மாதிரியே கிடக்கும், நான் முதல் தடவை பார்த்தபோது காசு போயிற்று என்றே நினைத்தேன். நோரியைக் கிளிப்பில் மாட்டினால் அது என்னவென்றே தெரியாத மீன்களும் உண்டு, கடலில் பாசி பாறையில்தானே இருக்கும். ஒரு சின்னப் பாறையில் ரப்பர் பேண்டால் சுற்றித் தரையில் வையுங்கள். சுஷிக்கு விற்கும் நோரிதான், ஆனால் உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் சேராத வெறும் நோரியாக இருக்க வேண்டும்.

கோலே, டோமினி சாப்பிடவில்லை என்றால் கேள்வியே வேறு. அவை கண்ணாடியிலும் பாறையிலும் படிந்த மெல்லிய பாசியையும் வண்டலையும் சீவித் தின்பவை. உங்கள் தொட்டி புதியதாய், பளபளவென்று இருந்தால் அவற்றுக்கு அங்கே ஒன்றும் இல்லை. பின்பக்கக் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்துங்கள்.

ஐந்து நாள் ஆகியும் எதையும் தொடவில்லை என்றால் தனித்தொட்டிக்கு மாற்றி, உறைந்த மைசிஸை (குட்டி இறால் போன்ற தீனி) பூண்டுச் சாற்றில் நனைத்தோ, ஸ்பைருலினா பாசி கலந்தோ கொடுத்துப் பாருங்கள். எட்டாவது நாளும் பட்டினி என்றால் மீன் நோய் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டியாக வேண்டும், அதற்கு மேல் காத்திருந்தால் திரும்ப வராது.

## அறிகுறி 4: நன்றாகத் தின்கிறது, ஆனால் இளைக்கிறது

முன்னாலிருந்து பாருங்கள். வயிறு கத்தி முனை போல ஒடுங்கி, தலைக்குப் பின்னால் முதுகுச் சதை குழிந்திருந்தால் இளைப்பு.

தின்கிறது என்று நீங்கள் நினைக்கும் அளவு போதாமல் இருக்கலாம், முதலில் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் மைசிஸ், வெறும் ஆர்ட்டீமியா போட்டு டேங்கை வளர்க்க முடியாது, பாசி வேண்டும். ஒரு மாதம் நோரியைத் தினமும் கொடுத்தும் தேறவில்லை என்றால் கழிவைக் கவனியுங்கள். பாசி தின்னும் மீனின் கழிவு பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். வெள்ளையாக, நூல் போல நீண்டு தொங்கினால் குடலில் ஒட்டுண்ணி இருக்க வாய்ப்பு அதிகம். மருந்தை உணவில் கலந்து கொடுக்க வேண்டிய விஷயம் இது, மெட்ரோனிடசோலா, பிராசிகுவாண்டலா, எவ்வளவு என்பதை மீன் நோய் தெரிந்த ஆளைக் கேட்டு முடிவு செய்யுங்கள். முழுத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

இரண்டும் இல்லாமல், தின்றுகொண்டே தேய்ந்து போகிற மீன்களும் இருக்கின்றன. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சயனைடு பீய்ச்சிப் பிடிக்கும் வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. அப்படிப் பிடித்த மீனுக்கு உள்ளே சேதம் ஆகியிருந்தால் நம்மால் செய்ய ஒன்றும் இல்லை.

## அறிகுறி 5: உடம்பில் வெள்ளையாக ஏதோ

இங்கே தப்பாகக் கண்டுபிடித்தால் தொட்டியே காலி, அதனால் நிதானமாகப் படியுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள்.

உப்புக்கல் தூவிய மாதிரி, எண்ணக்கூடிய புள்ளிகள்: இக் என்ற ஒட்டுண்ணி நோய். அடி வாங்கிய மீனுக்குத்தான் முதலில் வரும், அதிலும் பவுடர் ப்ளூவும் ப்ளூ டேங்கும் இதற்கென்றே பிறந்தவை. இரண்டு நாளில் புள்ளி மறைந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று போன் செய்வார்கள். சரியாகவில்லை, ஒட்டுண்ணி மீனை விட்டிறங்கி மணலிலும் பாறையிலும் முட்டை ஓடு போலக் கூடு கட்டிக்கொண்டிருக்கிறது, திரும்பி வரும்போது கூட்டமாக வரும். பூண்டு, யூவி விளக்கு, ‘ரீஃபுக்குப் பாதுகாப்பானது’ என்று எழுதிய மருந்து எல்லாவற்றிலும் நான் காசு விட்டிருக்கிறேன். வேலை செய்வது ஒன்றுதான். எல்லா மீனையும், புள்ளி இல்லாதவற்றையும் சேர்த்து, தனித்தொட்டிக்கு மாற்றி 30 நாள் காப்பர் சிகிச்சை, அதே சமயம் பெரிய தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் போடுவது. நீண்ட கணக்குதான், ஆனால் அந்தக் கூடுகள் வாரக்கணக்கில் தாங்கும். காப்பரின் அளவு பிராண்டுக்குப் பிராண்டு மாறும், பாட்டிலில் போட்டிருப்பதைப் பின்பற்றி, அந்த வகைக் காப்பருக்குரிய கிட்டால் தினமும் அளந்து பாருங்கள். காப்பர் இருக்கும் தண்ணீரில் அம்மோனியாவை அடக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள், சில காப்பர் மருந்துகளோடு அது சேர்ந்தால் மீனுக்கு நஞ்சு. அம்மோனியா ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள். பெரிய தொட்டியில் ஒரு சொட்டுக் காப்பர் கூட வேண்டாம், பவளமும் இறாலும் நத்தையும் போய்விடும்.

மாவு தூவிய மாதிரி, எண்ண முடியாத பொடி, மூச்சு வேகம், வேவ் மேக்கரின் (அலை உண்டாக்கும் பம்ப்) நேரெதிரில் போய் நிற்கிறது, வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்குகிறது: வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய். இதில் நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்கு. சில சமயம் தோலில் ஒன்றுமே தெரியாது, மூச்சு மட்டும் வாங்கும். இதே வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் மீன் அப்படி இருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டுத் தனித்தொட்டியைத் தயார் செய்யுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள்.

எல்லோ டேங்கின் மேல் கறுப்புப் புள்ளிகள்: வெள்ளை இல்லை என்றாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தட்டைப்புழு. அதே வெப்பமும் அதே பிஎச்சும் உள்ள, காற்றுக்குழாய் ஓடும் நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் முக்கி எடுத்தாலே பெரும்பாலும் உதிரும். பிறகு தனித்தொட்டியில் பிராசிகுவாண்டல்.

துடுப்பு ஓரத்தில் காலிஃபிளவர் போல ஒன்றிரண்டு வெள்ளைக் கட்டி: வைரஸ், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் தானாகப் போகும். நல்ல சாப்பாடு போட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

## அறிகுறி 6: கண்ணைச் சுற்றிக் குழிகள், பக்கவாட்டில் நிறம் அழிந்த கோடு

மீன் அரிக்கப்பட்ட மாதிரி தெரியும், ஆனால் சாப்பிடும், நீந்தும். சாவதில்லை, அழகு போகும். முதலில் சாப்பாட்டில் பாசியைக் கூட்டுங்கள். அடுத்து வடிகட்டியில் போட்ட கார்பனை வெளியே எடுங்கள், குறிப்பாகக் கழுவாமல் போட்ட, தூள் பறக்கிற மலிவான கார்பனை. டேங் மீன்களில் இந்தக் குழிகளுக்கும் கார்பனுக்கும் தொடர்பு இருப்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் குழி மூட ஆரம்பிக்கும்.

மூன்றாவது, மின்சாரம். விரலில் சின்னக் கீறல் இருக்கும்போது தொட்டிக்குள் கை விட்டுச் சுர்ரென்று உணர்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் மீனை விடுங்கள், மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஏதோ ஒரு ஹீட்டரோ பம்ப்போ கசிகிறது. உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கும் வீட்டில், கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் இருப்பது எனக்குப் புரியவே புரியாத தைரியம்.

## அறிகுறி 7: எல்லா மீனும் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன

எல்லாம் சேர்ந்து என்றால் பெரும்பாலும் நோய் இல்லை, தண்ணீர். தெர்மாமீட்டரைப் பாருங்கள். சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறையில் தொட்டி 32 டிகிரியைத் தொடுவது சாதாரணம், சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், டேங்குகளுக்கு அது மற்ற மீன்களைவிட அதிகம் வேண்டும். அகிலீஸ் அலை அடிக்கிற பாறை ஓரத்தில் வாழ்கிற மீன், முதலில் அதுதான் காட்டிக்கொடுக்கும். வேவ் மேக்கரை நீர்மட்டம் கலங்கும்படி மேலே திருப்புங்கள், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் நின்றிருந்தால் ஓட்டுங்கள், மூடியைத் திறந்து மேலே டேபிள் ஃபேனை ஓடவிடுங்கள். ஃபேன் இரண்டு மூன்று டிகிரி குறைக்கும், ஆனால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும், ஆர்ஓ தண்ணீரால் ஈடுகட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், விலை வலிக்கும். கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் வாங்கி வையுங்கள், அதன் விலை வலிக்காது.

வெப்பம் சரி, ஓட்டம் சரி என்றால் அம்மோனியா பாருங்கள். எங்கோ பாறைக்குப் பின்னால் செத்த மீன் அழுகிக்கொண்டிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் அறிகுறி ஐந்தின் இரண்டாவது கிளைக்குத் திரும்புங்கள்.

## அறிகுறி 8: இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாள் முழுக்க நடை

புதிதாக வந்த மீன் ஒரு வாரம் இப்படிச் செய்தால் பழகவில்லை என்று அர்த்தம். இரண்டு வருடம் இருந்த நேசோ செய்தால் இடம் போதவில்லை. நேசோ லிச்சுராட்டஸ் 45 சென்டிமீட்டர் வரை போகும், விலாமிங்கி 60ஐத் தொடும், செயில்ஃபினும் சோஹாலும் 40. ப்ளூ டேங் கூட 30ஐ எட்டும், கடையில் ஐந்து ரூபாய்க் காசு அளவில் பார்த்தால் யார் நம்புவார்கள். இதற்குப் பாறையைக் குறைத்து நீந்த நேர்வழி விடலாம், அது தற்காலிகம்தான். வேறு வீடு பாருங்கள், அல்லது தொட்டியை மாற்றுங்கள். தொட்டியை மாற்றுவது என்று முடிவெடுத்தால் எட்டுக்கு இரண்டுக்கு இரண்டில் தண்ணீர் மட்டும் 900 கிலோ, கண்ணாடியும் பாறையும் ஸ்டாண்டும் சேர்த்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 9: வெட்டு விழுந்தது மீனுக்கு இல்லை, உங்களுக்கு

டேங்கின் வாலடியில் கத்தி இருக்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கையால் தெரிந்துகொள்வது வேறு. வெட்டு சின்னதுதான், எரிச்சல் பெரியது. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் கையை வையுங்கள், வலி குறையும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள். சிவந்து வீங்கினால் டாக்டர். மூன்று நான்கு வாரம் கழித்து அதே இடத்தில் ஆறாத முடிச்சு வந்தாலும் டாக்டர், அப்போது “நான் மீன் தொட்டிக்குள் கை விடுகிறவன்” என்பதை மறக்காமல் சொல்லுங்கள். தொட்டித் தண்ணீரிலிருந்து தோலில் ஏறும் ஒரு பாக்டீரியா இருக்கிறது, நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்ற வழியில்லை.

## அறிகுறி 10: தொட்டி ரெடி, டேங் இன்னும் வாங்கவில்லை, கை அரிக்கிறது

இந்த நோயோடு வருகிறவர்களைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும், செலவில்லாமல் குணப்படுத்தலாம். மேலே உள்ள ஒன்பதில் பாதியை வராமலே தடுத்துவிட்டால் போதும்.

ஒரு வடிவத்துக்கு ஒரு மீன். சாது முதலில், முரடன் கடைசியில். எட்டடித் தொட்டிக்கு நான் எழுதிக் கொடுக்கும் சீட்டு இதுதான்: தொட்டி ஓடி நாலு மாதமாகி கண்ணாடியில் பாசி பிடித்தபின் ஒரு டோமினி அல்லது கோலே. ஒரு மாதம் கழித்துச் சின்ன ப்ளூ டேங். அதன்பின் சீப்ரசோமாவில் ஒன்றே ஒன்று, எல்லோவோ பர்ப்பிளோ, இரண்டும் இல்லை, என் கதையைத்தான் படித்தீர்களே. கடைசியில், எல்லாம் நிம்மதியாக இருந்தால், ஒரு பவுடர் ப்ளூ. நாலு டேங் போதும். இன்னும் பாசி தின்னும் மீன் வேண்டுமென்றால் ஃபாக்ஸ்ஃபேஸ் வாங்குங்கள், நம் ஊர் மீன் சந்தையில் ஓரா என்று விற்பதன் உறவுக்காரன், டேங்குகள் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. முதுகு முள்ளில் விஷம் இருக்கிறது, கையை வைக்காதீர்கள். சோஹால், க்ளவுன் இரண்டையும் என் சீட்டில் தேடாதீர்கள்.

இரண்டு மீனை ஒரே நாளில் விடுவது ஒவ்வொன்றாக விடுவதைவிடச் சில சமயம் நல்லது, ஒன்றுக்கும் அங்கே சொந்த இடம் இருக்காது. பழையதைவிடப் புதியது கொஞ்சம் பெரியதாக இருந்தாலும் நல்லது. ஒரே அளவு மட்டும் வேண்டாம், ஒரே அளவில் இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் இரண்டு பேருக்கும் ஜெயிக்கலாம் என்று தோன்றும்.

எல்லோ டேங் விலையைக் கேட்டு மயங்கி விழுந்தவர்களுக்கு: ஹவாயில் முன்போலப் பிடிக்க விடுவதில்லை, மேற்குக் கரையில் 2021க்குப் பின் அந்த வரத்தே நின்றுபோனது. அங்கேயே ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் 2015இல் முதன்முதலாகக் குஞ்சு பொரித்து வளர்த்துக் காட்டியது, இப்போது வளர்ப்புக் குஞ்சுகள் சந்தையில் உண்டு. கிடைத்தால் அதையே எடுங்கள், பெல்லட் தின்னப் பழகியே வரும்.

பவுடர் ப்ளூ நம் பக்கத்துக் கடல் மீன்தான், இலங்கை, மாலத்தீவு, லட்சத்தீவு, அந்தமான் எல்லா இடத்திலும் இருக்கிறது. பயணம் குறைவு என்பதால் திடமாக வரும் என்று நினைத்துவிடாதீர்கள். கடைத்தொட்டியின் முன்னால் நின்று நோரி போடச் சொல்லுங்கள், கடித்து இழுப்பதைக் கண்ணால் பாருங்கள். வயிறு நிறைந்திருக்க வேண்டும், மூச்சு பக்கத்து மீனைவிட வேகமாக இருக்கக் கூடாது. “புதுசா வந்திருக்கு சார், நாளைக்குச் சாப்பிடும்” என்றால் நாளைக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மீன் நோய் பார்க்கிறவர் எங்கே என்று கேட்பவர்களுக்கு, தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் மீன்வளக் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே மீன் நலம் சொல்லித்தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். செத்த மீனை ஐஸில் வைத்து, உறைய வைக்காமல், அன்றே கொண்டு போனால்தான் எதையாவது பார்த்துச் சொல்ல முடியும். ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்த மீனோடு போய் நிற்காதீர்கள். முதல் டேங் வாங்கப் போகும் அன்று காலையில், தனித்தொட்டியின் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடுகிறதா, காப்பர் கிட்டின் தேதி தாண்டவில்லையா என்று ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.